மாக்ஸ்வெல் கிராண்ட் என்று ஒருவர் இல்லை: ‘ஷேடோ’வை எழுதிய வால்டர் கிப்சன்

ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அமெரிக்காவில் ஒரு பட்டியல் செய்தியாகிறது. பதிப்புரிமைக் காலம் முடிந்து, இனி யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், படமாக்கலாம், தொடர்ந்து எழுதலாம் என்ற நிலைக்கு வந்த பழைய படைப்புகளின் பட்டியல் அது. 1928ஆம் ஆண்டின் முறை வந்தபோது மிக்கி மவுஸின் முதல் வடிவம் பேசப்பட்டது. 1929இன் முறையில் பாப்பாயும் டின்டினும். 1930இன் முறையில் நான்சி ட்ரூவின் முதல் நாவல்கள். இந்த வரிசையில் அடுத்து நிற்பது 1931. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ‘தி ஷேடோ’ என்ற நாவல் இதழின் முதல் எண் வந்தது.

கறுப்பு அங்கி, அகல விளிம்புத் தொப்பி, இரண்டு தானியங்கிக் கைத்துப்பாக்கிகள், இருட்டில் கேட்கும் ஒரு சிரிப்பு. பேட்மேனுக்கு முன்பே இரவில் குற்றவாளிகளை வேட்டையாடியவன் ஷேடோ. அவனைப் படைத்தவர் யார் என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். நாவல்களின் முகப்பில் மாக்ஸ்வெல் கிராண்ட் என்றிருக்கும். வானொலியில் கேட்டவர்கள் நடிகர் ஆர்சன் வெல்ஸின் குரலைச் சொல்வார்கள். உரிமைப் பத்திரத்தில் ஒரு பதிப்பு நிறுவனம் இருக்கும். மூன்றிலும் இல்லாத பெயர் வால்டர் பி. கிப்சன். வெளிவந்த 325 ஷேடோ நாவல்களில் 282ஐ எழுதியவர் அவர்.

ஒருவரின் உழைப்பு எப்படி வேறொரு பெயரில் போய்ச் சேர்ந்தது என்பது புரிந்தால்தான், அந்தப் பாத்திரம் இப்போது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் புரியும். அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

## பல்ப் இதழ்கள்

மரக்கூழிலிருந்து செய்த மலிவான, சொரசொரப்பான தாளில் அச்சான கதை இதழ்களுக்குத்தான் பல்ப் இதழ்கள் என்று பெயர். உள்ளே தாள் சீக்கிரம் பழுத்துவிடும். அட்டையோ பளபளக்கும் வண்ண ஓவியம். துப்பறியும் கதை, கௌபாய்க் கதை, காதல், போர், விண்வெளி என்று ஒவ்வொரு ருசிக்கும் தனித்தனி இதழ் உண்டு. தொலைக்காட்சி வராத காலத்தில் உழைக்கும் மக்களின் மலிவான பொழுதுபோக்கு இவை. ‘தி ஷேடோ’வின் விலை 10 சென்ட்.

இந்த வியாபாரத்தில் மூத்த நிறுவனங்களில் ஒன்று, 1855இல் தொடங்கிய நியூயார்க்கின் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித். மற்றப் பல்ப் நிறுவனங்களைப் போலவே இங்கும் ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது: நிறுவனமே ஒரு புனைபெயரை வைத்துக்கொள்ளும். அந்தப் பெயரில் இன்று ஒருவர் எழுதலாம், நாளை இன்னொருவர் எழுதலாம். எழுதுபவருக்கு உடல்நலம் கெட்டாலும், கூலி போதாதென்று அவர் விலகினாலும், அட்டையில் பெயர் மாறாது. வாசகருக்கு எதுவும் தெரியாது. எழுதுபவர் எவ்வளவு புகழ் சேர்த்தாலும் அந்தப் புகழைக் காட்டிக் கூடுதல் ஊதியம் கேட்க முடியாது என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. இந்த ஏற்பாட்டின் முதன்மையான பயன் அதுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

## குரல் முதலில் வந்தது, பாத்திரம் பிறகு

ஷேடோ கதையாகப் பிறக்கவில்லை, விளம்பரமாகப் பிறந்தான். ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்தின் துப்பறியும் வார இதழுக்கு விற்பனை குறைந்துகொண்டிருந்தது. இதழில் வரும் கதைகளை வானொலியில் நாடகமாக்கினால் கேட்பவர்கள் இதழை வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1930 ஜூலை 31 அன்று நிகழ்ச்சி தொடங்கியது. கதையை அறிமுகப்படுத்த, அமானுஷ்யமாகச் சிரிக்கும் ஓர் அறிவிப்பாளர் குரல். அந்தக் குரலுக்கு வைத்த பெயர்தான் ‘ஷேடோ’.

நேயர்கள் கதைகளை மறந்தார்கள், குரலைப் பிடித்துக்கொண்டார்கள். கடைகளில் போய் “அந்த ஷேடோ பத்திரிகை இருக்கிறதா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படி ஒரு பத்திரிகையே இல்லை. வேறு யாராவது அந்தப் பெயரில் இதழ் தொடங்கிவிடுவதற்கு முன் தானே ஒன்றைக் கொண்டுவர நிறுவனம் முடிவு செய்தது. கையில் இருந்தவை ஒரு பெயரும் ஒரு சிரிப்பும் மட்டும். உருவம், பழக்கவழக்கம், பகைவர்கள், துணையாட்கள் எதுவும் கிடையாது. அவற்றை உண்டாக்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

பிற்காலத்து உரிமைக் குழப்பத்தின் வேர் இங்கேதான். பெயரும் குரலும் நிறுவனத்தின் விளம்பர ஏற்பாட்டில் உருவானவை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதனை முழுதாகக் கட்டி எழுப்பியவர் எழுத்தாளர்.

## யார் இந்தக் கிப்சன்?

1897 செப்டம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் பிறந்தவர். கோல்கேட் பல்கலைக்கழகத்தில் படித்து 1920இல் பட்டம் பெற்றார். பிறகு பிலடெல்பியா நாளிதழ்களில் வேலை. செய்தியோடு புதிர்கள், மூளைக்கு வேலை, சின்னச் சின்ன வித்தைகள் என்று தினசரிக் கட்டங்களையும் நிரப்பினார். குறித்த நேரத்தில் குறித்த அளவு எழுதும் பழக்கம் அங்கே வந்தது.

அவருடைய உண்மையான பித்து மேஜிக். மேடை வித்தைக்காரர்களுடன் நெருங்கிப் பழகினார். அவர்கள் பெயரில் நூல்களும் கட்டுரைகளும் எழுதிக் கொடுத்தார். ஹோவர்ட் தர்ஸ்டன், ஹாரி பிளாக்ஸ்டோன், ஜோசப் டன்னிங்கர், ஹாரி ஹூடினி என்று அக்கால மேஜிக் உலகின் பெரிய தலைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1926இல் ஹூடினி இறந்த பின், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய தப்பிக்கும் வித்தைகளைப் பற்றியும் மேஜிக் முறைகளைப் பற்றியும் இரண்டு நூல்களைத் தொகுத்தவர் கிப்சன்தான்.

எனவே 1931இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் அவரிடம் ஷேடோவைக் கொடுத்தபோது, பிறர் பெயருக்குப் பின்னால் நின்று எழுதுவது அவருக்குப் புதிதல்ல. ‘மாக்ஸ்வெல் கிராண்ட்’ என்ற பெயரையும் அவரே சேர்த்துக் கட்டினார். மாக்ஸ்வெல் ஹோல்டன், யு. எஃப். கிராண்ட் என்ற இரண்டு மேஜிக் வியாபாரிகளின் பெயர்களிலிருந்து ஆளுக்குப் பாதி.

முதல் நாவல் ‘தி லிவிங் ஷேடோ’. அதற்குப் புதிய அட்டைப்படம் வரையச் செலவு செய்ய நிறுவனத்துக்கு மனமில்லை. கிடங்கில் கிடந்த பழைய ஓவியம் ஒன்றை எடுத்தார்கள். அதில் சுவரில் நிழல் விழ ஒரு சீனர் நின்றார். அட்டையோடு பொருந்த வேண்டுமே என்று கிப்சன் கதைக்குள் சைனா டவுன் காட்சிகளை எழுதிச் சேர்த்தார். விற்குமா என்று தெரியாத சரக்காகத்தான் நிறுவனம் அதைச் சந்தைக்கு விட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

## மாதம் இரண்டு நாவல்

முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று திட்டமிட்ட இதழ், அந்த ஆண்டு முடிவதற்குள் மாத இதழானது. 1932 அக்டோபரிலிருந்து மாதம் இரு முறை. ஒவ்வோர் இதழிலும் ஒரு முழு நாவல். கணக்கு எளியது:

1. ஒரு நாவல் ஏறத்தாழ 60,000 சொற்கள்.
2. ஆண்டுக்கு 24 நாவல்கள்.
3. பெருக்கினால் 14,40,000 சொற்கள்.

இதில் வேறு இதழ்களுக்கு எழுதியதும், மேஜிக் நூல்களும் சேரவில்லை. அவர் பயன்படுத்திய தட்டச்சு இயந்திரத்தின் நிறுவனம் இந்தச் சாதனையைத் தன் விளம்பரத்துக்கே எடுத்துக்கொண்டது.

இவ்வளவு வேகத்தை வெறும் கைவேகத்தால் விளக்க முடியாது. முறையால்தான் விளக்க முடியும். கிப்சன் முதலில் கதைச்சுருக்கம் எழுதுவார். அத்தியாயம் அத்தியாயமாக யார் எங்கே இருக்கிறார், எந்தத் தடயம் எப்போது வெளிப்படுகிறது என்றெல்லாம் அதில் இருக்கும். இதழின் ஆசிரியர் ஜான் நனோவிக்குடன் உட்கார்ந்து அதைப் பேசி முடித்து, ஒப்புதல் வாங்கிய பிறகே தட்டச்சுக்குப் போவார். கையில் எப்போதும் சில சுருக்கங்கள் தயாராக இருக்கும். சிந்திக்கும் வேலையும் எழுதும் வேலையும் இரண்டாகப் பிரிந்திருந்ததால், எழுத உட்கார்ந்தபின் தேங்கி நிற்க வேண்டியதில்லை.

இந்த வேகத்துக்கு எழுத்து கொடுத்த விலையும் உண்டு. ஒரே உரிச்சொற்கள் திரும்பத் திரும்ப வரும். சிரிப்பு ஒவ்வொரு நாவலிலும் ஏறக்குறைய அதே தொடர்களில் எதிரொலிக்கும். பெண் பாத்திரங்கள் மெலிந்தவை. அந்தக் காலத்துப் பல்ப் இதழ்கள் எல்லாவற்றிலும் இருந்த இன முன்முடிவுகள், குறிப்பாகச் சீனரைப் பற்றியவை, இவற்றிலும் உண்டு. இன்று படிக்கும்போது உறுத்துகிறது. உறுத்த வேண்டியதும்தான்.

ஆனால் கதைக்கட்டு வேறு ரகம்.

## வித்தைக்காரர் கட்டிய பாத்திரம்

மேடை மேஜிக்கின் அடிப்படை, பார்வையாளரின் கண்ணை வேறிடத்துக்குத் திருப்புவது. வலக்கை அசையும்போது இடக்கை வேலையை முடித்துவிடும். கிப்சன் தன் நாயகனையே இப்படிக் கட்டினார்.

முதல் நாவலில் கதை ஷேடோவின் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. ஹாரி வின்சென்ட் என்ற இளைஞன் பாலத்திலிருந்து குதித்துச் சாகப் போகிறான். இருளிலிருந்து ஒரு கை அவனைப் பிடித்து இழுக்கிறது. ‘உன் உயிர் இனி எனக்குரியது, எனக்காக வேலை செய்’ என்ற பொருள்பட ஒரு குரல். அங்கிருந்து வாசகர் வின்சென்ட்டின் தோளோடு நடக்கிறார். ஷேடோவை அவன் பார்க்கும் அளவுக்குத்தான் நாமும் பார்க்கிறோம். நாயகனின் மனதுக்குள் வாசகருக்கு அனுமதி இல்லை. ஒரு தொடர் நாயகனை மையத்திலிருந்து விலக்கி வைத்து, அவனுடைய ஆட்கள் வழியாகவே கதையை நகர்த்துவது துணிச்சலான முடிவு. அந்த ஆட்களின் கூட்டமும் நாவலுக்கு நாவல் வளர்ந்தது. செய்திகளைக் கைமாற்றும் பர்பாங்க், பத்திரிகையாளர் கிளைட் பர்க், வாடகைக் கார் ஓட்டும் மோ ஷ்ரெவ்நிட்ஸ். தலைவனிடமிருந்து அவர்களுக்கு வரும் கடிதம், படித்து முடித்ததும் மை மறைந்து வெறும் தாளாகிவிடும்.

அடுத்தது ஷேடோவின் அடையாளம். இதை மூன்று படிகளில் விரித்தார்:

1. ஷேடோ சமூகத்தில் லாமான்ட் கிரான்ஸ்டன் என்ற கோடீஸ்வரராக நடமாடுகிறான். போலீஸ் ஆணையரோடு கிளப்பில் உட்கார்ந்து பேசுகிறான். ‘ஓ, பணக்காரர்தான் ஷேடோ’ என்று வாசகர் முடிவு கட்டுகிறார்.

2. 1931 அக்டோபரில் வந்த மூன்றாம் நாவல் ‘தி ஷேடோ லாஃப்ஸ்’. அதில் உண்மையான கிரான்ஸ்டன் என்று தனியாக ஒருவர் இருப்பது தெரிகிறது. ஷேடோ அவர் முன்னால் அவருடைய உருவத்திலேயே போய் நிற்கிறான். உங்கள் அடையாளம் எனக்குத் தேவைப்படுகிறது, நீங்கள் வெளிநாட்டுப் பயணம் போய்வாருங்கள் என்கிறான். வாசகர் நம்பியிருந்தது பொய்.

3. 1937 ஆகஸ்டில் ‘தி ஷேடோ அன்மாஸ்க்ஸ்’. ஷேடோவின் உண்மைப் பெயர் கென்ட் அல்லார்ட். முதல் உலகப் போரில் பறந்த விமானி. ஆறு ஆண்டுகள் காத்திருந்து திறந்த முடிச்சு.

போலீஸ் தலைமையகத்தைக் கூட்டித் துடைக்கும் ஃப்ரிட்ஸ் என்ற மந்தமான துப்புரவுப் பணியாளும் சில நேரம் ஷேடோதான். பணக்காரர் கிளப்பிலும் துடைப்பக் கம்பின் பின்னாலும் ஒரே ஆள். யாரும் உற்றுப் பார்க்காத இடங்களில் ஒளிந்துகொள்வது என்ற இந்தத் தந்திரம் மேடையிலிருந்து நேராக வந்தது. கிப்சனின் இடத்தில் சாதாரணத் துப்பறியும் கதை எழுதிவந்த ஒருவரை வைத்திருந்தால், ஷேடோ கொஞ்ச காலம் விற்று மறைந்த எத்தனையோ இதழ் நாயகர்களில் ஒருவனாகியிருப்பான் என்பது என் கருத்து.

## அந்தப் பெயருக்குள் எத்தனை பேர்?

325 நாவல்களின் பங்கீடு இது:

1. வால்டர் கிப்சன்: 282.
2. தியோடர் டின்ஸ்லி: 27. 1936இன் பிற்பகுதியிலிருந்து, கிப்சனின் சுமையைக் குறைக்க ஆண்டுக்கு நான்கு நாவல்கள் என்ற ஏற்பாட்டில் வந்தவர்.
3. புரூஸ் எலியட்: 15. ஒப்பந்த விவகாரத்தில் 1946இல் கிப்சன் விலகியபோது அந்த இடத்தை நிரப்பியவர்.
4. லெஸ்டர் டென்ட்: 1. ஷேடோவின் வெற்றியைப் பார்த்து அதே நிறுவனம் 1933இல் தொடங்கிய ‘டாக் சாவேஜ்’ இதழின் முதன்மை எழுத்தாளர். அவர் எழுதிய ஷேடோ நாவலையும் கிப்சன் திருத்தி எழுதிய பிறகே வெளியிட்டார்கள்.

அட்டையில் எல்லாம் மாக்ஸ்வெல் கிராண்ட்தான். எலியட்டின் நாவல்களில் ஷேடோவின் பங்கே சுருங்கிப்போய், கிரான்ஸ்டன் சாதாரணத் துப்பறிவாளர் போல நடமாடினார். எழுதுபவர் மாறினாலும் சரக்கு மாறாது என்ற நிறுவனத்தின் நம்பிக்கை இங்கே பொய்த்தது. 1948இல் கிப்சனைத் திரும்ப அழைத்தார்கள். காலம் கடந்துவிட்டது. போர்க்காலத்திலேயே 1943இல் இதழ் மாதம் ஒன்றாகி, அளவும் சிறுத்திருந்தது. 1949 கோடை இதழோடு ‘தி ஷேடோ’ நின்றது. அந்த ஆண்டு ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் தன் பல்ப் இதழ்களையும் காமிக்ஸையும் ஏறக்குறைய மொத்தமாகவே மூடியது.

## வானொலியில் வேறொரு ஷேடோ

1937 செப்டம்பரில் வானொலி ஷேடோ புதிய வடிவில் வந்தான். அறிவிப்பாளராக இருந்தவன் இப்போது நாடகத்தின் நாயகன். குரல் கொடுத்தவர் 22 வயது ஆர்சன் வெல்ஸ்.

இதழைப் படிக்காமல் வானொலியை மட்டும் கேட்டவர்கள் அறிந்தது வேறொரு ஆளை. அங்கே கிரான்ஸ்டன்தான் ஷேடோ. கடன் வாங்கிய அடையாளம் என்ற சிக்கல் கிடையாது. மனிதர்களின் மனதை மயக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் சக்தி அவனுக்கு உண்டு. காரணம் எளிது: வானொலியில் அங்கியும் இருளும் தெரியாது, குரல் மட்டுமே கேட்கும். கண்ணுக்குத் தெரியாத நாயகன் அந்தச் சாதனத்துக்கு அளவெடுத்துத் தைத்தவன். அரை மணி நேர நாடகத்தில் ஒரு கூட்டம் துணையாட்களைக் குரலால் மட்டும் பிரித்துக் காட்டுவதும் கடினம். அவர்களுக்குப் பதிலாக மார்கோ லேன் என்ற ஒரே துணைவி வந்தார். அவருடைய புகழ் வளர்ந்ததால், 1941இல் கிப்சனும் அவரை நாவலுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று.

## காமிக்ஸ் பக்கம்

1940இல் ஷேடோ இரண்டு வழிகளில் படக்கதையானான். ஒன்று, நாளிதழ்களில் தினமும் வரும் சில கட்டங்கள். வெர்னன் கிரீன் வரைந்தார், கிப்சன் எழுதினார். 1942 வரை ஓடியது. மற்றொன்று ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் வெளியிட்ட ‘ஷேடோ காமிக்ஸ்’. 1949 வரை 101 இதழ்கள் வந்தன. அதன் தொடக்க ஆண்டுகளில் கதைகளின் பெரும்பகுதி கிப்சனுடையது. தன் நண்பர் பிளாக்ஸ்டோனை நாயகனாக்கி 1941 முதல் மேஜிக் காமிக்ஸும் எழுதினார். அதில் மாயவித்தை சாகசத்தின் நடுவிலேயே, வீட்டில் செய்து பார்க்கக்கூடிய வித்தைகளும் இடம்பெற்றன.

60,000 சொற்களில் பின்னிய கதையைச் சில பக்கங்களில், பேச்சுக் குமிழிகளில் அடக்குவது சாதாரண வேலை அல்ல. கிப்சனின் உரைநடையின் வலிமையே எதையும் முழுதாகக் காட்டாமல் இருப்பது. படக்கதையோ எதையும் காட்டித்தான் ஆக வேண்டும். ‘ஷேடோ காமிக்ஸ்’ அங்கியையும் தொப்பியையும் நாவலிலிருந்தும், மறையும் சக்தியை வானொலியிலிருந்தும் எடுத்துக் கலந்தது. குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஷேடோ காமிக்ஸ் உலகில் ஆழமாகப் பதித்த தடம் அவன் பெயரில் வந்த இதழ்களில் இல்லை. அது ஓராண்டுக்கு முன்பே வேறொரு நிறுவனத்தின் இதழில் பதிந்துவிட்டது.

## பேட்மேனின் முதல் கதை

1939 மே தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் எண்ணில் பேட்மேன் அறிமுகமானான். படம் பாப் கேன், எழுத்து பில் ஃபிங்கர். ஆறு பக்கக் கதை. ஒரு ரசாயன நிறுவனத்தின் பங்காளிகள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். போலீஸ் ஆணையரோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கும் பணக்காரர் புரூஸ் வேய்ன்தான் பேட்மேன் என்று கடைசியில் தெரிகிறது.

1936 நவம்பர் 1 தேதியிட்ட ஷேடோ இதழின் நாவல் ‘பார்ட்னர்ஸ் ஆஃப் பெரில்’. ரசாயன வியாபாரப் பங்காளிகள், தொடர் கொலைகள், பின்னணியில் பேராசை. முதல் பேட்மேன் கதை ஒரு ஷேடோ கதையிலிருந்து எடுத்தது என்று ஃபிங்கரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பணக்காரராக நடிக்கும் இரவுவேட்டையன், ஆணையரின் நட்பு, இருட்டிலிருந்து தாக்கிக் குற்றவாளியின் மனதில் பயத்தை விதைப்பது ஆகியவை கிப்சன் ஆண்டுக்கணக்கில் உழைத்து நிலைநாட்டிய அம்சங்கள்.

ஆனால் அந்தக் குறிப்பிட்ட நாவலைக் கிப்சன் எழுதவில்லை. மாக்ஸ்வெல் கிராண்ட் என்ற பெயரில் டின்ஸ்லி எழுதிய முதல் ஷேடோ நாவல் அது. ஆகவே இந்தக் கடன் யாரிடம் பட்டது என்று கேட்டால் பதில் இரண்டாகப் பிரிகிறது: பாத்திரத்தின் வார்ப்பு கிப்சனுடையது, கதையின் பின்னல் டின்ஸ்லியுடையது. இரண்டு பேர் பெயரும் இதழில் கிடையாது. கடன் வாங்கிய பக்கத்திலும் ஃபிங்கரின் பெயர் பல பத்தாண்டுகள் மறைந்தே கிடந்தது. பேட்மேனை உருவாக்கியவர் பாப் கேன் மட்டும் என்றே அச்சிட்டு வந்தார்கள். ஃபிங்கருக்கு முறையான அங்கீகாரம் 2015இல்தான் வந்தது. அவர் அப்போது உயிரோடு இல்லை.

கிப்சன் 1981இல், ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 500ஆம் எண்ணுக்காக ஒரு பேட்மேன் உரைநடைக் கதை எழுதினார். அதில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது.

## பதிப்புரிமை: எது, எப்போது, யாருக்கு?

தமிழ் வாசகர்கள் இரண்டு விஷயங்களை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஓர் எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமை ஆக்குவது அரசு தொகை கொடுத்து எடுக்கும் முடிவு. இங்கே பேசுவது சட்டக் காலம் தானாக முடிவது. இந்தியாவில் அந்தக் காலம் பொதுவாக ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். அமெரிக்காவில் இந்தப் பழைய படைப்புகளுக்குக் கணக்கு வேறு. அங்கே கவனிக்க வேண்டியவை:

1. 1931இல் வெளியாகி, முறைப்படி உரிமை புதுப்பிக்கப்பட்ட படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் காப்பு. அது 2026 டிசம்பர் 31 அன்று முடிகிறது. ஆசிரியர் எப்போது இறந்தார் என்பது இதில் சேராது.

2. ஒவ்வோர் இதழும் தனிப் படைப்பு. 2027 ஜனவரி 1 அன்று விடுபடுவது 1931இல் அச்சான நாவல்கள் மட்டும். அவற்றில் அங்கி, சிரிப்பு, ஹாரி வின்சென்ட், கிரான்ஸ்டனின் இரட்டை வேடம் எல்லாம் இருக்கின்றன. கென்ட் அல்லார்ட் 1937ஆம் ஆண்டு நாவலில் வந்தவர். அவருக்கு 2033 வரை காத்திருக்க வேண்டும். நாவல்களில் வரும் மார்கோ லேனுக்கு 2037 வரை.

3. வேலைக்கென எழுதிக் கொடுத்தது என்று ஒரு படைப்பு சட்டப்படி கருதப்பட்டால், எழுதச் சொன்ன நிறுவனமே அதன் ஆசிரியர். சொந்தமாக எழுதி விற்றவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும், பல ஆண்டுகள் கழித்து உரிமையைத் திரும்பக் கேட்க அமெரிக்கச் சட்டம் ஒரு வாய்ப்புத் தருகிறது. சூப்பர்மேனை உருவாக்கியவர்களின் குடும்பங்கள் நீதிமன்றம் போனது அந்த வழியில்தான். வேலைக்கென எழுதியவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. நிறுவனப் புனைபெயரில் எழுதியவர்களின் நிலை ஏன் இவ்வளவு பலவீனமானது என்பது இங்கே தெரிகிறது.

4. வணிகக் குறி வேறு சட்டம். அதற்குக் கால வரம்பு இல்லை; பயன்படுத்திக்கொண்டிருக்கும் வரை நீடிக்கும். ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்தை 1959இல் வாங்கிய கான்டே நாஸ்ட் குழுமத்திடம் ஷேடோ உரிமைகள் சென்றன. பழைய நாவலை மறு அச்சிடலாம் என்பதால், ‘தி ஷேடோ’ என்ற பெயரை முத்திரையாக வைத்துப் பொம்மையும் சட்டையும் விற்றுவிடலாம் என்றாகாது.

## இதழ் நின்ற பிறகு

1949க்குப் பின் கிப்சன் ஓய்ந்து உட்காரவில்லை. மேஜிக், சீட்டாட்டம், கயிற்று முடிச்சுகள், உளவியல் என்று நூல் மேல் நூலாக எழுதினார். ‘ட்வைலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடரின் கதைகளை 1960களில் நூல் வடிவில் கொண்டுவந்ததும் அவர்தான். 1963இல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஷேடோ’ என்ற புதிய ஷேடோ நாவல் அவருடைய சொந்தப் பெயரிலேயே வெளியானது. ஆனால் அடுத்த ஆண்டே அதே பதிப்பகம் பழைய வழிக்குத் திரும்பியது. டென்னிஸ் லிண்ட்ஸ் என்பவரை வைத்து மாக்ஸ்வெல் கிராண்ட் பெயரில் மேலும் எட்டு நாவல்களைக் கொண்டுவந்தது.

1970களில் பல்ப் இதழ்களைச் சேகரிப்பவர்கள் கிப்சனைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றுப் பகுதியில் இருந்த அவருடைய வீட்டுக்கு வாசகர்கள் போய்வந்தார்கள். ரசிகர் கூட்டங்களில் அவர் வித்தை காட்டினார், பழைய கதைகளைப் பேசினார். 1985 டிசம்பர் 6 அன்று 88 வயதில் இறந்தார்.

2027 முதல் ‘தி லிவிங் ஷேடோ’வை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அட்டையில் எந்தப் பெயரைப் போடுவது என்பதும் அவர்கள் கையில்தான். அவர்கள் வால்டர் பி. கிப்சன் என்று போட வேண்டும். வாசகர் அடையாளம் காண வேண்டுமென்றால் மாக்ஸ்வெல் கிராண்ட் என்பதைச் சிறிய எழுத்தில் கீழே சேர்த்துக்கொள்ளலாம். டின்ஸ்லியின் ‘பார்ட்னர்ஸ் ஆஃப் பெரில்’ 2032இல் விடுபடுகிறது, அதிலிருந்து பிறந்த முதல் பேட்மேன் கதை 2035இல். அதன் பிறகு அந்த நாவலையும் அந்த ஆறு பக்கங்களையும் ஒரே நூலில், எழுதியவர்களின் பெயர்களோடு சேர்த்து வெளியிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்காது.